வீட்டில் கட்டிய கிட் காருக்கு கலிஃபோர்னியாவில் நம்பர் பிளேட்: புகைச் சோதனைக்கு எந்த வழி நல்லது?

கம்பெனி அனுப்பும் பாகங்களை வாங்கி நாமே வீட்டில் பூட்டிக் கட்டுவதுதான் கிட் கார். கலிஃபோர்னியாவில் அதைக் கட்டப் போகிறவர்கள் முதலில் பேச ஆரம்பிப்பது இன்ஜினைப் பற்றித்தான். பழைய ஃபோர்டு 302 போடலாமா, புதிய கொயோட்டி போடலாமா, செவ்ரோலே எல்.எஸ்.3 போடலாமா என்று மாதக்கணக்கில் பேச்சு ஓடும். அதற்கெல்லாம் முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் காரேஜில் உருவாகும் இந்த வண்டியை அரசு எந்த வருஷத்து வண்டியாக எடுத்துக்கொள்ளப் போகிறது? 1965 என்று எடுத்துக்கொண்டால் புகைச் சோதனையே கிடையாது. பதிவு செய்யும் வருஷத்து வண்டி என்று எடுத்துக்கொண்டால், இன்று ஷோரூமிலிருந்து இறங்கும் புதுக் காருக்கு உள்ள கெடுபிடி அத்தனையும் உங்களுக்கும் உண்டு. வண்டி ஒன்றுதான், இன்ஜின் ஒன்றுதான். காகிதத்தில் ஏறும் வருஷம்தான் வேறு.

இதற்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் மேல் படிந்து கண்ணை எரித்த புகைமூட்டத்துக்கு வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து நடத்தும் வேதிவினைதான் காரணம் என்று 1950களின் தொடக்கத்தில் கால்டெக் பேராசிரியர் ஆரி ஹாகன்-ஸ்மிட் காட்டினார். அதிலிருந்து அந்த மாநிலம் நாட்டின் மற்ற பகுதிகளுக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருக்கிறது. 1966 மாடல் கார்களுக்கு வெளியேற்ற வரம்பு வைத்தார்கள். 1975 வாக்கில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (சுருக்கமாக 'கேட்') பரவலாக வந்தது. 1984ல் ஸ்மாக் செக் எனப்படும் புகைச் சோதனை தொடங்கியது. ஒரு காலத்தில் முப்பது வயது நிரம்பிய கார்களுக்கு விலக்கு என்று இருந்தது. வருஷா வருஷம் நகர்ந்துகொண்டே போன அந்த எல்லைக் கோட்டை 2004ல் வந்த சட்டம் ஒரே இடத்தில் நிறுத்திவிட்டது. இன்றைக்கு 1975 வரைக்குமான பெட்ரோல் கார்களுக்கு ஸ்மாக் செக் இல்லை, 1976 முதல் உண்டு. கிட் கார் கட்டுகிறவர் போடும் கணக்கெல்லாம் இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுவது என்பதைச் சுற்றித்தான்.

வாகனச் சட்டத்தின் 580வது பிரிவு இந்த மாதிரி வண்டிகளைத் தனி இனமாக வைத்திருக்கிறது. சொந்த உபயோகத்துக்காகக் கட்டியது, விற்பதற்காகக் கட்டியது அல்ல, உரிமம் பெற்ற தயாரிப்பாளர் கட்டியதும் அல்ல. கிட்டிலிருந்து கட்டியிருக்கலாம், புது பாகம், பழைய பாகம், இரண்டும் கலந்தும் இருக்கலாம். பழைய காரைப் பழையபடியே சீர்செய்து நிறுத்தினால் அது இந்த இனத்தில் சேராது. வண்டிகளைப் பதிவு செய்யும் டி.எம்.வி. துறையின் பதிவேட்டில் இதற்கான சுருக்கெழுத்து எஸ்.பி.சி.என்.எஸ். இப்படிப்பட்ட வண்டிக்கு நேர்மையான வழிகள் மூன்று. முதல் வழிக்குள்ளேயே இரண்டு கிளை உண்டு.

முதல் வழி: 500 நம்பரில் ஒன்று

2001ல் கொண்டுவந்த எஸ்.பி. 100 என்ற சட்டம்தான் கிட் கார்காரர்களின் வாசல். ஒவ்வொரு காலண்டர் வருஷமும் முதலில் விண்ணப்பிக்கும் 500 வண்டிகளுக்கு டி.எம்.வி. வரிசை எண் போட்ட ஒரு சான்றிதழ் கொடுக்கும். இந்த வரிசைச் சான்றிதழைத்தான் இங்கே 'நம்பர்' என்கிறேன். அது கையில் இருந்தால் புகைச் சோதனை எந்த வருஷத்துக்கு உரியது என்பதை உரிமையாளரே தேர்ந்தெடுக்கலாம். பாடியின் வருஷமா, இன்ஜினின் வருஷமா, உங்கள் விருப்பம். இன்ன வருஷம் என்று முடிவாகச் சொல்வது பி.ஏ.ஆர். எனப்படும் வாகனப் பழுதுபார்ப்புத் துறையின் ரெஃபரி என்ற ஆய்வாளர்.

பாடி வருஷத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்த உருவம் எந்தக் காலத்துக் காரை அதிகம் ஒத்திருக்கிறது என்று ரெஃபரி பார்ப்பார். ஃபாக்டரி ஃபைவ் கம்பெனியின் மார்க் 4 ரோட்ஸ்டரைக் கொண்டுபோய் நிறுத்தினால் அது கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் காரான 1965 கோப்ராவைப் போல இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. லோட்டஸ் செவனைப் பார்த்துக் கட்டிய வண்டி 1957க்கும் 1972க்கும் நடுவில் எங்காவது உட்காரும். போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர் நகல் 1950களுக்குப் போகும். எல்லாம் கோட்டுக்குச் சோதனை இல்லாத பக்கம். உள்ளே உறுமிக்கொண்டிருப்பது 2018ல் வார்த்த கொயோட்டியாக இருந்தாலும் ஸ்மாக் செக் கணக்கில் அது அறுபதுகளின் வண்டிதான்.

இதைவிட வேடிக்கை, எதையுமே ஒத்திராத வண்டியின் கதி. முன்பு தயாரான எந்தக் காரையும் போதுமான அளவு ஒத்திராத பாடிக்கு 1960 என்று வருஷம் போடச் சொல்கிறது சட்டம். ஃபாக்டரி ஃபைவின் 818 என்ற வண்டியைப் பாருங்கள். 2002 முதல் 2007 வரையிலான சுபாரு இம்ப்ரெஸாவிலிருந்து இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாவற்றையும் கழற்றி, நடுவில் இன்ஜின் வைத்துக் கட்டுவது. பார்க்க நாளைக்கு வரப்போகும் கார் மாதிரி இருக்கும். அதைப் போல ஒரு கார் எந்தத் தொழிற்சாலையிலும் தயாராகவில்லை என்று ரெஃபரி முடிவு செய்தால் டர்போ வைத்த அந்த வண்டி 1960ல் போய் நிற்கும். சட்டம் எழுதியவர்கள் இதை யோசித்தார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். இருக்கிற விதி அப்படி, பயன்படுத்திக்கொள்வதில் தப்பில்லை.

அப்படியானால் இன்ஜின் வருஷம் என்ற கிளை எதற்கு? பாடி உங்களைக் காட்டிக்கொடுக்கும்போது அது கைகொடுக்கும். போன்டியாக் ஃபியரோ காரின் சேஸிஸ் மேல் ஃபெராரி உருவத்தை ஏற்றுவது எண்பதுகளில் ஒரு மோகமாக இருந்தது. லம்போர்கினி கவுன்டாஷ் நகல்களும் நிறைய. எண்பதுகளின் உருவத்தில் கட்டினால் பாடி வருஷம் 1976க்குப் பின்னால் விழுந்துவிடும். அதற்குள் 1972ன் சின்ன பிளாக் செவி வி8 இருந்தால் இன்ஜின் வருஷத்தைச் சொல்லி நிம்மதியாக வெளியே வரலாம். வேறு சந்தர்ப்பத்தில் இந்தக் கிளையை எடுக்கக் காரணம் குறைவு. 1990ன் மஸ்டாங் 5.0 இன்ஜினைக் கோப்ராவில் போட்டுவிட்டு இன்ஜின் வருஷத்தைத் தேர்ந்தெடுத்தால், அந்த வருஷத்து மஸ்டாங்கில் இருந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டர், ஈ.ஜி.ஆர்., காற்று பம்ப், கரி டப்பா போன்ற புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாம் வண்டியில் இருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ரோலர் மேல் ஏற்றி ஓட்டிப் புகை அளப்பார்கள். யாராவது இஷ்டப்பட்டுச் செய்வார்களா?

சரி, இந்த வழியில் என்ன சிக்கல்? எண்ணிக்கைதான். நாலு கோடிப் பேர் இருக்கிற மாநிலத்துக்கு வருஷத்துக்கு 500. ஜனவரியில் டி.எம்.வி. திறக்கும் முதல் வேலை நாளில் கணக்குத் தொடங்கும். சட்டம் வந்த புதிதில், பொருளாதாரம் செழிப்பாக இருந்த வருஷங்களில், முந்தைய ராத்திரியே அலுவலக வாசலில் ஆட்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கதவு திறந்த சில மணி நேரத்தில் மாநிலம் முழுக்க நம்பர் தீர்ந்துபோன வருஷங்கள் உண்டு. பிற்பாடு கூட்டம் குறைந்து நாள் கணக்கில் மிச்சமிருந்த வருஷங்களும் உண்டு. எந்த வருஷம் எப்படிப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஜனவரிக்குள் காகிதங்கள் எல்லாம் தயாராக இருக்கும்படி வேலையைத் திட்டமிட வேண்டும். ஆகஸ்டில் வண்டி முடிந்து, நம்பரும் தீர்ந்திருந்தால், அடுத்த ஜனவரிவரை காரேஜிலேயே துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

டி.எம்.வி. கவுன்டரில் இன்னொரு சங்கடமும் உண்டு. அங்கே உட்கார்ந்திருப்பவர் தன் வேலைக் காலத்தில் இப்படி ஒரு விண்ணப்பத்தையே பார்க்காதவராக இருக்கலாம். விண்ணப்பப் படிவம் ரெக் 343, எப்படிக் கட்டினோம் என்று நாமே எழுதிக் கையெழுத்துப் போடும் ரெக் 5036, முக்கிய பாகங்களின் ரசீதுகள், கிட் கம்பெனி கொடுத்த மூலச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வரிசையாக வைத்துக்கொண்டு போங்கள். ரசீது விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். வெளிமாநிலத்திலிருந்து கலிஃபோர்னியா வரி கட்டாமல் வாங்கிய பாகங்களுக்கு இங்கே பயன்பாட்டு வரி கேட்பார்கள். அடிப்படை விகிதமே 7.25 சதவீதம், பல ஊர்களில் அதற்கு மேல். ரசீது இருந்தால் கட்டிய வரிக்குக் கணக்குக் காட்டலாம்.

ரெஃபரி என்பவரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. இந்த நிலையங்கள் பல ஊர்களில் கம்யூனிட்டி காலேஜ் வளாகத்திலேயே இருக்கின்றன, ஆட்டோமொபைல் பாடம் நடக்கும் பட்டறைக்குப் பக்கத்தில். போனில் நேரம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அவர் பானெட்டைத் திறந்து இன்ஜின் எண்ணைப் பார்ப்பார், பாடியைச் சுற்றி வருவார், காகிதத்தோடு ஒப்பிடுவார். முடிந்ததும் வண்டியில் ஒரு லேபிள் ஒட்டுவார். இந்த வண்டி எந்த அடிப்படையில் மதிப்பிடப்பட்டது என்பது அதில் இருக்கும். பின்னால் வண்டியை விற்றாலும் அந்தத் தகுதி வண்டியோடுதான் போகும். விற்பனை விளம்பரங்களில் எஸ்.பி. 100 என்ற எழுத்துக்கு மரியாதை இருப்பது அதனால்தான்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். விலக்கு கிடைத்தது என்பதற்காக கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் தூக்கி எறிய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கார்புரேட்டர் வைத்த பெரிய வி8, கேட் இல்லாமல், சைட் பைப்போடு சிக்னலில் நிற்கும்போது அந்தப் பச்சைப் பெட்ரோல் வாடை முதலில் வருவது ஓட்டுகிறவர் மூக்குக்குத்தான். கோப்ராவில் மேலே கூரை கிடையாது. நெடுந்தூரம் போகிறவர்களின் சட்டையில் அந்த வாடை தங்கிவிடும். எரிபொருள் இன்ஜெக்ஷனும் ஒரு ஜோடி கேட்டும் போட்டுக்கொண்டால் காற்றுக்கும் நல்லது, பக்கத்தில் உட்காருகிறவரும் அடுத்த முறை கூப்பிட்டால் வருவார். இன்ஜினுக்குள் கசியும் வாயுவைத் திரும்ப உள்ளே அனுப்பும் பி.சி.வி. வால்வும் அப்படித்தான். விலை அற்பம், போடாமல் விடக் காரணமே இல்லை. அப்புறம், இந்த விலக்கு புகைக்கு மட்டும்தான். சத்தத்துக்குத் தனிச் சட்டம். 6,000 பவுண்டுக்குக் குறைவான கார்களுக்கு 95 டெசிபல் வரம்பு, அது கிட் காருக்கும் உண்டு.

இரண்டாவது வழி: நம்பர் இல்லாமல், இன்றைய விதிப்படி

வரிசைச் சான்றிதழ் கிடைக்கவில்லை, அல்லது அதற்காகக் காத்திருக்க மனமில்லை என்றால், முதல் பதிவுக்கு விண்ணப்பிக்கும் காலண்டர் வருஷம்தான் வண்டியின் வருஷம். அந்த வருஷத்து வெளியேற்ற விதிகளை வண்டி பூர்த்தி செய்ய வேண்டும். முன்னே சொன்ன 818 இப்போது என்ன ஆகிறது பாருங்கள். நம்பரோடு 1960 ஆக இருந்த வண்டி, நம்பர் இல்லாமல் பதிவு வருஷத்து வண்டி. 2004ன் சுபாரு இன்ஜின், அது 2004ல் எவ்வளவு சுத்தமாக இருந்திருந்தாலும், போதாது.

இந்த வழியில் போகிறவருக்கு நடைமுறையில் கைகொடுப்பது கார்ப் என்ற கலிஃபோர்னியா காற்றுவள வாரியம் அங்கீகரித்த முழு இன்ஜின் தொகுப்பு. ஜெனரல் மோட்டார்ஸின் இ-ராட் தொகுப்புகள் இந்த யோசனையைப் பிரபலமாக்கின. எல்.எஸ்.3 இன்ஜின், சுமார் 430 குதிரைத்திறன். அதோடு கணினி, வயரிங், காற்று அளவி, ஆக்சிலரேட்டர் பெடல், ஆக்சிஜன் சென்சார்கள், கேட்டலிடிக் கன்வெர்ட்டர்கள், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பா எல்லாம் ஒரே பெட்டியில் வரும். கார்ப் இதுபோன்ற தொகுப்புகளுக்கு நிர்வாக ஆணை கொடுக்கும். ஆணையில் எந்த வகை வண்டிக்கு என்று எழுதியிருக்கிறதோ அதற்குத்தான் அது செல்லும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பழைய காரில் இன்ஜின் மாற்றுவதற்குத் தரும் ஆணை ஒன்று, புதிதாகக் கட்டும் வண்டிக்குச் செல்லுபடியாகும் சான்று வேறொன்று. கடைக்காரர் 'ஐம்பது மாநிலத்திலும் செல்லும்' என்று சொன்னால் தலையாட்டிவிட்டு, ஆணை எண்ணைக் கேட்டு வாங்கி, எஸ்.பி.சி.என்.எஸ். வண்டிக்கு இதை ஏற்பீர்களா என்று ரெஃபரியிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். தொகை பத்தாயிரம் டாலருக்கு மேல் போகிற விஷயம்.

பெட்டியில் எல்லாம் வருகிறதே, மாட்டினால் முடிந்தது என்று தோன்றும். வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சில நூறு டிகிரி சூடேறினால்தான் வேலை செய்யத் தொடங்கும். அதனால் இன்ஜினுக்குப் பக்கத்தில், தொகுப்பில் சொன்ன தூரத்தில்தான் அதை வைக்க வேண்டும். கோப்ராவில் அந்த இடத்தில் ஸ்டியரிங் தண்டும் உங்கள் கால் வைக்கும் பெட்டியும் இருக்கும். சூடு தடுக்கும் உறை போடாவிட்டால் இடது பாதம் ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும். கதவுக்குக் கீழே ஓடும் அழகான சைட் பைப்புக்குள் கேட்டைத் தள்ளி வைக்கலாமே என்றால், தூரம் அதிகமாகிவிடும்.

ஆவிப் பக்கம் இதைவிட நுணுக்கம். நவீன கார்களின் கணினி பெட்ரோல் டேங்க்கை மூடி, உள்ளே இருக்கும் அழுத்தம் குறைகிறதா என்று தானே சோதித்துப் பார்க்கும். அரை மில்லிமீட்டர் துளை இருந்தால்கூடக் கண்டுபிடிக்கும்படி விதி. கிட்டோடு வரும் டேங்க், பந்தயக் காரைப் பார்த்துச் செய்த பளபளப்பான அலுமினிய மூடி, ரப்பர் குழாய் சந்திப்புகள், இவற்றில் எது கசிந்தாலும் அந்தச் சோதனை தேறாது. 2000 முதலான மாடல்களுக்கு ஸ்மாக் செக் என்பது வண்டியின் கணினியோடு வயர் போட்டுப் பேசுவதுதான். உள்ளே உள்ள ஒவ்வொரு சுயசோதனையும் முடிந்திருக்கிறதா என்று கேட்பார்கள். ஆவிச் சோதனை தவிர மற்றவற்றில் முடியாதது இருந்தால், எச்சரிக்கை விளக்கு எரியாவிட்டாலும், திருப்பி அனுப்பலாம். அந்த வேலைக்கு அந்தக் காலத்துத் தோற்றமுள்ள மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, சாதாரணக் காரின் மூடியைப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

விபத்தில் நொறுங்கிய புத்தம் புதுக் காரை வாங்கி அதன் இன்ஜினையும் எல்லாப் புகைக் கருவிகளையும் அப்படியே மாற்றிவிடலாமே என்ற யோசனையும் வரும். காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் பதிவு வருஷத்துக்கு ஈடாகப் புதிய இன்ஜின் வேண்டும். அதன் கணினி, பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் பாடி கணினியையும் டேங்க் அழுத்த சென்சாரையும் தேடும். கிடைக்காவிட்டால் விளக்கை எரிய விடும். கட்டி முடிக்க இரண்டு வருஷம் ஆனால் இன்ஜினும் இரண்டு வருஷம் பழசாகியிருக்கும். மின்னணுவில் உண்மையிலேயே கை தேர்ந்தவர்களைத் தவிர மற்றவர்கள் இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

இத்தனை தலைவலிக்கும் பதிலாக என்ன கிடைக்கிறது? காலையில் சாவியைத் திருப்பினால் சாதுவாக ஸ்டார்ட் ஆகும், மலை ஏறினாலும் குளிரானாலும் ஒரே மாதிரி ஓடும், வாடை அடிக்காத வண்டி. ஜனவரியை நம்பி இருக்க வேண்டியதில்லை. தினமும் வேலைக்கு ஓட்டிப் போக வேண்டும் என்பவருக்கு இது நல்ல வழி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் உறையைக் கழற்றி வெளியே எடுக்கும் வண்டிக்கு இது அதிகப்படி.

மூன்றாவது வழி: பெட்ரோலே வேண்டாம்

மின்சார வண்டிக்கு ஸ்மாக் செக் இல்லை. ஆகவே 500க்குள் இடம் பிடிக்கும் போட்டியிலும் நீங்கள் இல்லை. கேட் இல்லை, கரி டப்பா இல்லை, டேங்க் மூடி கசிகிறதா என்ற கவலை இல்லை. வி.ஐ.என். என்ற வண்டி அடையாள எண் சரிபார்ப்பு, பிரேக், விளக்கு உள்ளிட்ட பாதுகாப்புச் சோதனை, ரசீது, வரி எல்லாம் மற்றவர்களுக்கு உள்ளபடியே உண்டு. எரிபொருள் வகை மின்சாரம் என்று பதிவாகியிருக்கிறதா என்பதை மட்டும் கவுன்டரிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். அது தவறாக ஏறிவிட்டால் புகைக் குழாயே இல்லாத வண்டிக்கு ஸ்மாக் செக் நோட்டீஸ் வந்து நிற்கும்.

விதிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் இதுதான் எளிது. வண்டியை வைத்துப் பார்த்தால் கதை மாறும். மார்க் 4 ரோட்ஸ்டரின் மொத்த எடையே ஒரு டன் சுற்றுவட்டாரம். பழைய நிசான் லீஃபின் 24 கிலோவாட்-மணி பேட்டரி மட்டும் சுமார் 300 கிலோ. பேட்டரியை எங்கே வைப்பது, முன்னும் பின்னும் எடையை எப்படிப் பிரிப்பது, மோதினால் என்ன ஆகும், இதெல்லாம் கிட் கம்பெனியின் கையேட்டில் இருக்காது. நீங்களே பொறியாளராக வேண்டும். லோட்டஸ் செவன் வகை வண்டிகள் எடை குறைவு என்ற ஒரே குணத்துக்காக வாழ்பவை, அவற்றில் இந்தக் கனத்தை ஏற்ற எனக்கு மனம் வராது. 818 போன்ற நடு இன்ஜின் வடிவத்துக்கு மின்மோட்டார் பொருந்தும், பின்னால் இடமும் இருக்கிறது. கோப்ரா கட்டுகிறவரோ முக்கால்வாசி அந்தச் சத்தத்துக்காகத்தான் கட்டுகிறார்.

இந்த இடத்தில் வேறொரு சட்டத்தையும் சிலர் குழப்பிக்கொள்வார்கள். 2015 டிசம்பரில் அமெரிக்க காங்கிரஸ் இயற்றிய சட்டம் ஒன்று, சிறு தயாரிப்பாளர்கள் வருஷத்துக்கு 325 வரை பழைய கார்களின் நகல்களைக் கட்டி விற்க அனுமதிக்கிறது. மூலக் கார் குறைந்தது 25 வருஷம் பழையதாக இருக்க வேண்டும். அது கட்டி முடித்து விற்பவர்களுக்கானது. அங்கேயும் இன்ஜின் நடப்பு விதிகளின்படி சான்று பெற்றதாக இருக்க வேண்டும். வீட்டில் கட்டுகிறவருக்கு அதனால் பயன் ஏதுமில்லை.

போகக் கூடாத வழிகள்

இரண்டு குறுக்குவழிகள் எப்போதும் காதில் விழும். ஒன்று, எங்கோ துருப்பிடித்துக் கிடக்கும் 1960களின் காரின் டைட்டிலை, அதாவது உரிமைப் பத்திரத்தை வாங்கி, அதன் எண்ணைப் புது வண்டியில் ஏற்றிவிடுவது. வண்டி பழைய கார் போலப் பதிவாகிவிடும். இது மோசடி. கலிஃபோர்னியா இதைத் தேடிப் பிடித்து வழக்குப் போட்டிருக்கிறது, எண்ணை மாற்றிய வண்டியை போலீஸ் எடுத்துக்கொண்டு போகவும் முடியும். இன்னொன்று, மாண்டானா மாநிலத்தில் ஒரு கம்பெனி பெயரைப் பதிந்து அதன் பெயரில் நம்பர் பிளேட் வாங்கிவிட்டு இங்கே ஓட்டுவது. கலிஃபோர்னியாவில் வசித்துக்கொண்டு இங்கே ஓட்டினால் இங்கேதான் பதிய வேண்டும். வரி ஏய்ப்பும் சேர்ந்துகொள்ளும்.

ஏற்கெனவே தப்பாகப் பதிவான வண்டி தெரியாமல் கையில் வந்துவிட்டவர்களுக்காக 2011ல் மன்னிப்புத் திட்டம் ஒன்றை மாநிலம் தொடங்கியது. முன்வந்து சொல்லி, பாக்கி வரியையும் கட்டணத்தையும் கட்டி, சரியான பெயரில் மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

அப்படியானால் எது?

எனக்குக் கோப்ராவோ ஸ்பீட்ஸ்டரோ வேண்டும், வார இறுதிக்கு மட்டும் என்றால் கேள்விக்கே இடமில்லை. எஸ்.பி. 100 நம்பர், பாடி வருஷம். கட்டுமானத்தை இலையுதிர் காலத்தில் முடிக்கும்படி வைத்துக்கொண்டு ஜனவரிக்குக் காகிதத்தோடு தயாராக நிற்பேன். இன்ஜின் விஷயத்தில் மனசுக்குப் பிடித்ததைப் போடுவேன், ஆனால் இன்ஜெக்ஷனும் கேட்டும் வைத்த ஒன்றாக. ஒரு வருஷம் நம்பர் தவறிப்போனால் அடுத்த ஜனவரிவரை காத்திருப்பதற்கு மனத்தளவில் தயாராக இருக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர் இந்த வழியைத் தொடக்கூடாது.

எதையும் ஒத்திராத புது வடிவ வண்டிக்கும் இதே வழிதான், இன்னும் அதிக லாபத்தோடு. எண்பதுகளின் உருவம் என்றால் மட்டும் இன்ஜினை முதலில் யோசியுங்கள். 1975 வரைக்குமான இன்ஜின் வைத்து அதன் வருஷத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று பாருங்கள்.

தினமும் ஓட்ட வேண்டும், நம்பருக்காகக் காத்திருக்க முடியாது, கையில் பணம் இருக்கிறது என்பவருக்கு அங்கீகரித்த இன்ஜின் தொகுப்பு. கிட்டை வாங்கும் முன்பே அந்தத் தொகுப்பின் கேட்கள் உங்கள் வண்டியின் சேஸிஸுக்குள் நுழையுமா என்று அளந்து பார்க்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாக வாங்கிவிட்டு வெல்டிங் பட்டறையில் போய் நிற்பது இந்தப் பொழுதுபோக்கில் ரொம்பச் சகஜமான செலவு. மின்சாரம், வண்டியைவிட மின்னணுவை ரசிப்பவருக்கு. அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது எதுவும் இருக்காது.

கட்டாமல், யாரோ கட்டியதை வாங்குகிறவர்களுக்கு இதெல்லாம் வேறு விதமாகப் பொருந்தும். நெவாடாவிலோ அரிசோனாவிலோ '1965 ஃபோர்டு' என்று பதிவான கோப்ரா நகல் மலிவாகக் கிடைக்கும். அந்த மாநிலம் கொடுத்த வருஷத்தை கலிஃபோர்னியா அப்படியே ஏற்காது. இங்கே வந்ததும் அது எஸ்.பி.சி.என்.எஸ்., வரிசையில் நின்று நம்பர் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் இன்றைய விதி. ஏற்கெனவே கலிஃபோர்னியாவில் பதிவான வண்டி என்றால் பதிவுச் சீட்டில் எஸ்.பி.சி.என்.எஸ். என்று இருக்கிறதா, வரிசைச் சான்றிதழின் நகல் இருக்கிறதா, ரெஃபரி ஒட்டிய லேபிள் வண்டியில் இருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். லேபிள் ஒட்டிய நாளுக்குப் பிறகு இன்ஜினை மாற்றியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். லேபிளில் உள்ள விவரமும் பானெட்டுக்குக் கீழே இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால், விற்பவர் ரெஃபரியிடம் போய் அதைச் சரி செய்துகொண்டு வரட்டும், அப்புறம் விலை பேசலாம்.